கடையின் பெயரும் ஆலையின் பெயரும்

மாட்டுங்காவிலோ செம்பூரிலோ குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்று சலவை இயந்திரம் வாங்கப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய கடை ஒன்றில் இரண்டு இயந்திரங்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்றின் நெற்றியில் நாடறிந்த ஆலையின் பெயர்; மற்றொன்றின் நெற்றியில் அந்தக் கடையின் பெயரே. கொள்ளளவு ஒன்று, தோற்றமும் ஏறக்குறைய ஒன்று. விலையில் மட்டும் சில ஆயிரம் ரூபாய் வேற்றுமை. அருகில் நிற்கும் விற்பனையாளர், "உள்ளே எல்லாம் ஒன்றுதான்" என்கிறார். இந்தச் சொல் எவ்வளவு தூரம் மெய் என்பதை இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்டோம். அதற்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் பம்பாய் நகரத்திற்கும் கணிசமான பங்கு உண்டு.

மின்சாரம் நம் வீடுகளுக்குள் நுழைந்தபோது முதலில் வந்தது விளக்கு. ஆகவே பெயர் மாற்றும் கதையும் விளக்கிலிருந்தே தொடங்குகிறது. கல்கத்தாவில் 1930-களில் எலக்ட்ரிக் லாம்ப் மானுபாக்சரர்ஸ் என்னும் ஆலை எழுந்தது. தம்முள் போட்டியிடும் அயல்நாட்டு விளக்கு நிறுவனங்கள் பல சேர்ந்து அமைத்த ஆலை அது. பின்னர் 1951-இல் உத்தரப் பிரதேசத்து ஷிகோகாபாத்தில் ஹிந்த் லாம்ப்ஸ் தோன்றியது. அதில் பஜாஜ் குழுவினரும் பிலிப்ஸ் முதலிய அயல்நாட்டு நிறுவனங்களும் பங்கு கொண்டனர். ஒரே ஆலையில், ஒரே கண்ணாடியும் ஒரே இழையும் கொண்டு செய்த விளக்குகள், பங்குதாரர் ஒவ்வொருவருடைய பெயரையும் தனித்தனியே தாங்கி வெளியே வந்தன. லோஹார் சாலின் மொத்தக் கடைகளில் "எனக்கு இன்ன கம்பெனி விளக்குதான் வேண்டும்" என்று பிடிவாதம் செய்தவர்களும், "அது வேண்டாம், இதுவே நெடுநாள் எரியும்" என்று வாதிட்டவர்களும் ஒரே உலையின் கண்ணாடியையே வாங்கிச் சென்றிருக்கக் கூடும். உலகத்துப் பெரிய விளக்கு நிறுவனங்கள் 1924-இலேயே தம்முள் உடன்பாடு செய்துகொண்டு, விளக்கின் ஆயுளை 1000 மணி நேரத்திற்கு மேல் போகாதபடி வரையறுத்தன என்பதையும் நினைத்தால், அந்த வாதத்திற்கு இருந்த அடிப்படை இன்னும் மெலிந்து போகிறது.

இங்கே பஜாஜ் என்னும் பெயரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1938-இல் ரேடியோ லாம்ப் வொர்க்ஸ் என்னும் பெயரில் பதிவான நிறுவனம், 1960-இல் பஜாஜ் எலக்ட்ரிகல்ஸ் என்று பெயர் மாறியது. பம்பாயைத் தலைமையிடமாகக் கொண்ட இந்நிறுவனத்தின் வலிமை நெடுங்காலம் ஆலையில் இருந்ததைவிட விற்பனையில்தான் மிகுதியாக இருந்தது. பிறர் செய்த பொருள்களை வாங்கி, தம் பெயரைப் பொறித்து, நாடெங்கும் பரப்பும் முறையை அது நன்கு கையாண்டது. அம்முறையிலிருந்து ஒரு வழக்கு பிறந்தது. நம் பொருளுக்கு அதைவிட ஏற்ற சான்று கிடைப்பது அரிது.

சித்தோசன்ஸ் என்பது மின்பொருள்கள் செய்யும் ஒரு நிறுவனம். உடன்பாட்டின்படி பஜாஜ் பெயரைப் பொறித்து, பஜாஜ் எலக்ட்ரிகல்ஸுக்கே அது விற்றுவந்தது. அந்நாளில் ஆலையை விட்டு வெளியேறும் பொருளுக்கு மத்திய அரசு கலால் வரி விதித்தது. அவ்வரி எந்த விலையின்மேல்? செய்தவர் பஜாஜிடம் பெற்ற விலையின்மேலா, பஜாஜ் சந்தையில் பெற்ற உயர்ந்த விலையின்மேலா? பெயர் பொறித்தவுடன் பொருளின் மதிப்பு ஏறிவிட்டது, ஆகவே ஏறிய மதிப்பிற்கே வரி வேண்டும் என்றது வரித்துறை. 1986-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆலை வாயிலில் செய்தவர் பெறும் விலைதான் வரிக்கு உரியது. அதற்கு மேலாகச் சந்தையில் கிடைப்பது வாங்கியவரின் பெயருக்கு உள்ள நல்லெண்ணத்தின் மதிப்பு, அது வாங்கியவரின் தனிச்சொத்து என்று தீர்ப்பு அமைந்தது. ஒரே பொருளில் இரண்டு மதிப்புகள் உறைந்திருக்கின்றன என்பதை நாட்டின் மிக உயர்ந்த மன்றமே பிரித்துக் காட்டிவிட்டது. நாம் கடையில் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி இரும்புக்கும் செம்புக்கும் உழைப்புக்கும் போகிறது. மற்றொரு பகுதி எழுத்துக்குப் போகிறது.

அடுத்த ஆண்டே சட்டம் வேறு திசையில் நடந்தது. சிறு தொழிற்கூடங்களுக்குக் கலால் வரியில் சலுகை இருந்தது அல்லவா? பிறருடைய வணிகப் பெயரைப் பொறித்துச் செய்யும் பொருளுக்கு அச்சலுகை இல்லை என்று 1987-இல் ஆணை பிறந்தது. பெரிய நிறுவனம் சிறு கூடத்தின் மறைவில் நின்று வரி தப்பக்கூடாது என்பது நோக்கம். நோக்கம் நியாயமானதே. ஆயினும் தம் பெயரில் விற்கும் ஆற்றல் இல்லாமல், பெயருள்ளவருக்குச் செய்து பிழைத்த சிறு கூடங்களுக்கு அது பாரமாக விழுந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான கதை மிக்ஸியினுடையது. சுமீத் மிக்ஸியை அறியாத தமிழ்க் குடும்பம் அந்நாளைய பம்பாயில் இருந்ததா என்பதே ஐயம். அயல்நாட்டு மிக்ஸிகள் பழச்சாறு பிழிய உதவின. ஊறவைத்த உளுந்தையும் வறுத்த மிளகாயையும் தேங்காய்த் துருவலையும் கண்டால் அவற்றின் மோட்டார் புகைந்தது. நம் சமையலுக்குத் தக்க வலுவுடைய மோட்டாரைக் கொண்டு 1963-இல் சத்திய பிரகாஷ் மாத்தூர் என்னும் பொறியாளர் பம்பாயில் செய்த இயந்திரமே சுமீத். அம்மியின் முன் குனிந்திருந்த முதுகுகள் பலவற்றை நிமிர்த்திய பெருமை அதற்கு உண்டு. பின்னாளில் அக்குடும்பத்தினரிடையே பிளவு நேர்ந்தது. இருவேறு நிறுவனங்கள் அதே பெயரில் மிக்ஸி விற்க முற்பட்டன. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1994-இல் வந்த தீர்ப்பு, ஒரு பெயருக்கு ஒரே மூலமும் ஒரே உரிமையாளரும்தான் இருக்க இயலும் என்பதை வற்புறுத்தியது. ஆக, ஓர் ஆலை பல பெயர்களுக்குப் பொருள் செய்யலாம். ஆனால் ஒரு பெயரை இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்ளல் ஆகாது. விளக்கின் கதையையும் மிக்ஸியின் கதையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், சட்டம் காப்பாற்றுவது ஆலையை அன்று, பெயரை என்பது புலனாகும்.

கடையே தன் பெயரைப் பொறித்துக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவில் முன்பே வேரூன்றியது. சியர்ஸ் ரோபக் என்னும் பெருங்கடை, அஞ்சல் வழியே பொருள் அனுப்பிப் பெயர் பெற்றது. அது தன் சலவை இயந்திரங்களுக்கு 1927 முதல் கென்மோர் என்னும் பெயரைச் சூட்டியது. அவற்றைச் செய்து கொடுத்தது மிச்சிகன் மாநிலத்தில் 1911-இல் தொடங்கிய அப்டன் நிறுவனம். 1929-இல் அது நைன்டீன் ஹண்ட்ரட் என்னும் வேறொரு சலவை இயந்திர நிறுவனத்தோடு இணைந்தது. இருபது ஆண்டுகள் கடைக்காகவே உழைத்த அவ்வாலை, 1948-இல் தன் இயந்திரத்தைத் தன் பெயரிலேயே சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பெயர்தான் வேர்ல்பூல். பெயர் வெற்றி பெறவே 1950-இல் நிறுவனமே அப்பெயரை ஏற்றது. இங்கே கடையின் பெயர் மூத்தது, ஆலையின் பெயர் இளையது! அதன் பின்னும் இரண்டும் நெடுங்காலம் கூடி வாழ்ந்தன. கென்மோர் இயந்திரத்தின் மாதிரி எண் 110 என்று தொடங்கினால் அது வேர்ல்பூல் ஆலையில் பிறந்தது என்று பழுது பார்ப்போர் அறிவர். உள்ளிருக்கும் மோட்டாரும் சுழல் பொறியும் பெரும்பாலும் பொதுவாயிருக்க, மேலிருக்கும் விசைப்பலகையும், துவைக்கும் முறைகளின் எண்ணிக்கையும், மூடியின் வடிவமும் வேறுபட்டன.

நம் நாட்டிற்கு இந்த வழக்கம் பெரிய அளவில் வந்தது இந்த நூற்றாண்டில்தான். 2006-இல் டாட்டா குழுவின் குரோமா, மும்பையின் ஜுஹுவில் முதற்கடை திறந்தது. சில ஆண்டுகளில் குரோமா என்னும் பெயரே மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் ஆகியவற்றின்மேல் ஏறியது. ரிலையன்ஸ் டிஜிட்டல் கடைகள் ரீகனெக்ட் என்னும் பெயரைச் சூட்டின. பியூச்சர் குழு கோரியோ என்றது. இப்பெயர்களின் பின்னால் நிற்கும் ஆலைகள் மக்கள் வாயில் அடிபடுவதில்லை. நொய்டாவைத் தலைமையிடமாகக் கொண்டு 1993-இல் தொடங்கிய டிக்சன், குளிரூட்டும் கருவிகள் செய்யும் ஆம்பர் ஆகியவை பல புகழ்பெற்ற பெயர்களுக்கு இயந்திரம் செய்து கொடுப்பவை. பங்குச் சந்தையில் பதிவான பெரிய நிறுவனங்களாகிய இவற்றின் பெயரை வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை. ஆகவே இன்று, "ஆலையின் பெயர்" என்று நாம் எண்ணும் பெயரும் பல வேளைகளில் உண்மையில் ஆலையின் பெயர் அன்று.

கெல்வினேட்டரின் கதையும் இங்கே நினைவுக்கு வருகிறது. ஒரு காலத்தில் குளிர்சாதனப் பெட்டி என்றாலே அப்பெயர்தான். 1995-இல் கெல்வினேட்டர் ஆப் இந்தியாவை வேர்ல்பூல் வாங்கியது. ஃபரீதாபாத் ஆலை அதனிடம் சென்றது. பெயருரிமையோ எலக்ட்ரோலக்ஸிடம் இருந்தது. ஆலை ஒரு வழியும் பெயர் ஒரு வழியுமாகப் பிரிந்து போயின. பற்பல கைகள் மாறி, 2025 ஜூலையில் அப்பெயரை ரிலையன்ஸ் ரீடெய்ல் வாங்கிக்கொண்டது. பழைய பெட்டியை நினைத்து அப்பெயரை நம்பி வாங்குபவர், அறிந்தோ அறியாமலோ, ஒரு கடையின் பெயரையே வாங்குகிறார்.

இனி, விற்பனையாளரின் சொல்லுக்கு வருவோம். உள்ளே எல்லாம் ஒன்றுதானா? கடைகள் பொருள் பெறும் வழி ஒன்றன்று. சில வேளைகளில் ஆலை ஏற்கெனவே செய்யும் மாதிரியைக் கடை அப்படியே எடுத்து, நிறமும் பெயரும் மட்டும் மாற்றுகிறது. அப்போது விற்பனையாளர் சொல்வது ஏறக்குறைய மெய். மற்றும் சில வேளைகளில் ஆலை தன் பெயரில் விற்பதை நிறுத்திவிட்ட பழைய மாதிரி கடையின் பெயரில் தொடர்ந்து பிழைத்திருக்கிறது. அது தாழ்ந்தது என்று சொல்லிவிட முடியாது, பழையது, அவ்வளவே. மூன்றாவது வழியில் கடையே விலையை முன்னதாக வரையறுத்து, "இந்த விலைக்குள் செய்து கொடுங்கள்" என்கிறது. மோட்டாரின் சுருளில் செம்புக்குப் பதில் அலுமினியம் நுழைவதும், தகட்டின் கனம் குறைவதும், குழாயும் பிடியும் மெலிவதும் இவ்வழியில்தான். வெளித்தோற்றம் இவற்றைக் காட்டாது. விலை குறைவதற்கு வேறு காரணங்களும் உள்ளன என்பதைச் சொல்லாமல் விடுவது நீதியன்று: கடைப் பெயருக்கு விளம்பரச் செலவு குறைவு, இடைத்தரகரின் பங்கு இல்லை.

ஆயினும் மிகப் பெரிய வேற்றுமை வாங்கும் நாளில் தெரிவதில்லை. பழுதாகும் நாளில்தான் தெரிகிறது. செம்பூரில் எம் அண்டை வீட்டார் கடைப்பெயர் கொண்ட சலவை இயந்திரம் ஒன்று வைத்திருந்தனர். நான்காம் ஆண்டில் அதன் மின்பலகை எரிந்துபோயிற்று. திறந்து பார்த்த பழுது பார்ப்பவர், பலகையில் வேறொரு புகழ்பெற்ற நிறுவனத்தின் அச்சைக் கண்டு மகிழ்ந்தார். "இது எளிதில் கிடைக்கும்" என்றார். அந்த நிறுவனத்தின் பணிமனையிலோ, அம்மாதிரி எண் தம் பட்டியலில் இல்லை என்று கைவிரித்தனர். வேறு மாதிரியின் பலகையை வெளியே வாங்கிப் பொருத்தியபோது கம்பிகளின் இணைப்பு முனை மாறியிருந்தது. கடையோ, காப்புக்காலம் கடந்துவிட்டது என்றது. ஒன்றரை மாதம் அவ்வீட்டுத் துணிகள் கையால் துவைக்கப்பட்டன. உள்ளே ஒன்றாயிருந்தும் பயன் இல்லை. பட்டியலிலும் ஒன்றாயிருக்க வேண்டும்.

கடையே மறைந்துவிட்டால் என்ன ஆகும்? சியர்ஸ் 2018-இல் திவால் மனுச் செய்தது. இங்கே பியூச்சர் ரீடெய்ல் 2022 ஜூலையில் திவால் நடைமுறைக்குள் சென்றது. ஆலை நலமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, பெயர் கொடுத்தவர் விழுந்தமையால் வாங்கியவர் அனாதையாகிறார். ஐந்தாண்டு, பத்தாண்டு என்று எழுதிக் கொடுக்கும் காப்புறுதியின் வலிமை, எழுதிக் கொடுத்தவர் நிலைத்திருக்கும் வரையில்தான்.

சட்டம் இதில் வாங்குபவரைக் கைவிடவில்லை. 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'மானுபாக்சரர்' என்னும் சொல்லுக்குக் கொடுத்த விளக்கத்தில் மூவர் இடம் பெற்றனர்: பொருளைச் செய்பவர், பிறர் செய்த பகுதிகளைப் பூட்டுபவர், பிறர் செய்த பொருளின்மேல் தம் குறியைப் பொறிப்பவர். 2019-ஆம் ஆண்டுப் புதிய சட்டமும் இக்கருத்தைக் காத்து வருகிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எமக்கு இவ்விடத்தில் எப்போதும் பேனா நின்றுவிடும். 'உற்பத்தியாளர்' என்று எழுதினால் உற்பத்தியே செய்யாத ஒருவர் அதனுள் எப்படி அடங்குவார்? 'தயாரிப்பாளர்' என்றாலும் அதே இடர். ஆனால் சட்டத்தின் கருத்து வெளிப்படையானது: உன் பெயரை நீ பொறித்தாய், ஆகவே பழுதுக்கும் நீயே பொறுப்பு. "நாங்கள் செய்யவில்லை, வேறு ஆலை செய்தது" என்று கடை தப்ப இயலாது. அங்ஙனம் சொல்லக் கேட்டால், நேயர்கள் இவ்விளக்கத்தை நினைவூட்டலாம்.

செய்தவர் யார் என்பதைத் தெரிந்துகொள்ளவும் வழி உண்டு. இயந்திரத்தின் பின்புறத்தில் அல்லது அடியில் உள்ள தகட்டையும் பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டையும் பார்க்க வேண்டும். 2011-ஆம் ஆண்டின் எடை அளவை விதிகள் செய்தவரின் பெயரையும் விலாசத்தையும் பொதியின்மேல் அறிவிக்கச் சொல்கின்றன. இறக்குமதியாயின் இறக்குமதி செய்தவரின் பெயர் வேண்டும். 'மேனுபேக்சர்டு பை' என்று ஒரு வரியும் 'மார்க்கெட்டட் பை' என்று மற்றொரு வரியும் இருந்தால் கதை பாதி வெளியாகிவிட்டது. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள பொருளாயின் அதனோடு சி.எம்.எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அவ்வுரிமம் குறிப்பிட்ட ஆலைக்குத் தரப்படுவது. பெயர் எதுவாயினும் எண் ஆலையைக் காட்டிக்கொடுக்கும். குளிரூட்டும் கருவிகளுக்கும் உறைபனி படியாத குளிர்சாதனப் பெட்டிகளுக்கும் 2010 ஜனவரி முதலும், கூரை விசிறிகளுக்கு 2023 முதலும் நட்சத்திரச் சீட்டு கட்டாயம். இரண்டு பெயர்களின் சீட்டுகளை அருகில் வைத்து ஆண்டு மின்செலவை ஒப்பிட்டால், உள்ளே ஒன்றா வேறா என்பதற்கு விற்பனையாளரின் வாய்ச்சொல்லைவிட நம்பத்தகுந்த விடை கிடைக்கும். காப்புறுதிச் சீட்டில் பழுது பார்க்கும் பொறுப்பு யாருடையது, உதிரிப் பகுதிகளை யார் தருவார் என்பதையும் பணம் கொடுக்கும் முன்பே படித்துவிட வேண்டும். கொடுத்த பின் படிப்பதே நம்மில் பலருடைய வழக்கம்.

பெயரில்லாத கைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பி. சபாபதி 1955-இல் தொடங்கி வைத்த கோவை கிரைண்டர் தொழிலில் இன்றும் கல் ஓரிடம், உருளை ஓரிடம், மோட்டார் ஓரிடம் என்று பிரிந்து செய்யப்பட்டு, கடைசியாகப் பூட்டப்படும் கூடத்தில்தான் பெயர் ஒட்டப்படுகிறது. மாட்டுங்கா சந்தையில் நாம் பார்க்கும் கிரைண்டரின் பெயர், அக்கல்லைக் கொத்திய கைக்குத் தொடர்பற்றது. தாராவியின் நிலையும் அதுவே. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து குடியேறிய நம் மக்களின் வழிவந்தோர் அங்கே தைத்த பைகளும் இடைவார்களும் வேறொருவருடைய பெயரைத் தாங்கிக் கடைத்தெருக்களுக்கும் கப்பல்களுக்கும் சென்றன. தேவனார் இறைச்சிக் கூடம் 1971-இல் திறக்கப்பட்ட பின் தோல் பதனிடுதல் அங்கிருந்து விலகியது, தையல் நின்றுவிடவில்லை.

நாம் பேசிய இயந்திரங்கள் பலவும் இறுதியில் வந்து சேரும் இடங்களுள் ஒன்று அதே தாராவியின் பதின்மூன்றாம் வளாகம். மிக்ஸியின் கூடும் சலவை இயந்திரத்தின் மூடியும் அங்கே உடைபடுகின்றன. பிளாஸ்டிக்கைத் தரம் பிரிப்போர் துண்டை வளைத்தும், சிறிது எரித்து முகர்ந்தும் அதன் இனத்தை அறிந்து வெவ்வேறு சாக்குகளில் இடுகின்றனர். ஆலைப் பெயர் கொண்ட கூடும் கடைப் பெயர் கொண்ட கூடும் ஒரே இனமாயின் ஒரே சாக்கில் விழுகின்றன. உலோகப் பெயர்த்தகடு மட்டும் தனியே எடுக்கப்பட்டு, எடைக்கு வேறு விலை பெறுகிறது.